லைட் போட்டால் ஏறும் ஹீட் மீட்டர்: ஒரு பழைய லாரியின் மீட்டர் போர்டு பழுது

வண்டி நாமக்கல் பக்கத்தைச் சேர்ந்த பழைய ஆறு சக்கர லாரி. சேஸிஸாக வாங்கி, உள்ளூர்ப் பட்டறையில் மரமும் தகரமும் வைத்து கேபின் கட்டியது. 24 வோல்ட், எலக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் இல்லாத பழைய பம்ப் எஞ்சின். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் இதே பழுது எல்லாக் கம்பெனிப் பழைய வண்டியிலும் வரும், ஒரு பெயரைப் போட்டால் படிப்பவர்கள் அந்த வண்டிக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

டிரைவர் சொன்ன புகார் இதுதான்: "பகல்ல ஒண்ணுமே இல்லீங்க. ராத்திரி லைட்டைப் போட்டா ஹீட் மீட்டர் சிவப்புக்குப் போயிருது. அமத்துனா தானா இறங்கிக்குது. லோடோட மேட்டுல போறப்ப பயமா இருக்குதுங்க."

எங்களிடம் வருவதற்கு முன்னாலேயே வேறு இடங்களில் இதற்கு நிறைய வேலை நடந்திருந்தது. தெர்மோஸ்டாட் புதிது, ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தாகிவிட்டது, வாட்டர் பம்ப் பார்த்தாகிவிட்டது, ஹீட் சென்சார் புதிது, மீட்டரையும் ஒரு தடவை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை செலவுக்குப் பிறகும் ராத்திரி லைட் போட்டால் முள் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்லைட் சுவிட்சுக்கும் எஞ்சினில் ஓடும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? லைட் போட்ட நொடியில் தண்ணீர் 20 டிகிரி ஏறாது, அமத்திய நொடியில் இறங்கவும் இறங்காது. டிரைவர் முதல் வாக்கியத்திலேயே இது கரண்ட் பழுது என்று சொல்லிவிட்டார், கேட்டவர்கள்தான் "ஹீட்" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் பக்கம் போயிருக்கிறார்கள். டிரைவர் சொல்வதை முழுசாகக் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், அதற்கான காசை ஓனர் கொடுக்கிறார், பயத்தை டிரைவர் சுமக்கிறார்.

அதனால் முதலில் எதையும் கழற்றாமல் சாவியைப் போட்டு, டிரைவரை சீட்டிலேயே உட்கார வைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொல்லி மீட்டர் போர்டு முழுவதையும் பார்த்தோம். ஹெட்லைட் போட்டதும் ஹீட் முள் ஏறியது, அவர் சொன்ன மாதிரியே. ஆனால் அதே நேரத்தில் டீசல் மீட்டர் முள் கீழே இறங்கியது. இதை அவர் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "டீசல் மீட்டரை யாருங்க பாக்குறா, குச்சி விட்டுத்தான் பாக்குறது" என்றார். நியாயம்தான், பழைய லாரிகளில் டீசல் மீட்டரை யாரும் நம்புவதில்லை. ஆனால் பழுது பார்க்கிறவனுக்கு அந்த நம்பாத மீட்டர்தான் இந்த வண்டியில் பாதி பதிலைச் சொன்னது. இண்டிகேட்டர் போட்டால் இரண்டு முள்ளும் இண்டிகேட்டர் மின்னும் தாளத்துக்கே லேசாகத் துடித்தன. ஹெட்லைட்டும் மஞ்சளாக, மங்கலாக இருந்தது. இவை தவிர, வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு ஒரு ரேஸ் கொடுத்தால்தான் சார்ஜிங் லைட் அணைந்தது. சாவி போடும்போது ஆயில் லைட் எரியவே இல்லை. ஆக, ஒரு புகாரோடு வந்த வண்டியில் பார்க்க வேண்டிய விஷயம் மூன்று இருந்தது.

முள் போகும் திசை

இந்த வண்டியில் இருந்தது மூன்று முனை மீட்டர்கள். ஒரு முனைக்கு சாவியிலிருந்து பிளஸ், ஒரு முனைக்கு சென்சார் ஒயர், ஒரு முனைக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்புகிற வழி. உள்ளே கோணம் மாற்றிச் சுற்றிய காயில்கள் இருக்கும், நடுவில் முள்ளோடு சேர்ந்த ஒரு சின்ன காந்தம். எந்தக் காயிலில் கரண்ட் அதிகமோ அந்தப் பக்கம் காந்தம் திரும்பும். தராசு மாதிரிதான், இரண்டு தட்டிலும் இருக்கும் எடையின் விகிதம்தான் முள்ளை நிறுத்துகிறது, அதனால்தான் பேட்டரி 24 வோல்ட்டில் இருந்தாலும் சார்ஜ் ஏறி 28-ல் இருந்தாலும் நல்ல மீட்டரில் முள் நகராது.

இப்போது மீட்டர் போர்டின் எர்த் மட்டும் சரியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லைட் போட்டதும் அந்த எர்த் வழியாகப் போகிற கரண்ட் கூடும், கூடினால் அந்த எர்த் பாயிண்டே பூஜ்ஜியத்தில் நிற்காமல் இரண்டு மூன்று வோல்ட் மேலே ஏறிவிடும். மீட்டருக்குள் எர்த்துக்குப் போகிற காயிலுக்கு அந்த அளவு வோல்ட் குறையும். சென்சார் பக்கம் போகிற காயிலுக்குக் குறையாது, ஏனென்றால் சென்சாரின் எர்த் மீட்டர் போர்டில் இல்லை, கீழே எஞ்சினில் இருக்கிறது. விகிதம் மாறுகிறது, சென்சாரின் ஓம்ஸ் (மின்தடை) குறைந்துவிட்டது என்று மீட்டர் எடுத்துக்கொள்கிறது. ஹீட் சென்சாரில் சூடு ஏற ஏற ஓம்ஸ் குறையும், அதனால் முள் சிவப்புக்குப் போகிறது. டீசல் டேங்க் யூனிட், அதாவது டேங்குக்குள் அளவு பார்க்கிற சென்சார், இந்த வகையில் காலி என்றால் 10 ஓம்ஸ், ஃபுல் என்றால் 180 ஓம்ஸ், அதனால் ஓம்ஸ் குறைந்தது போலத் தெரிந்தால் முள் காலிப் பக்கம் இறங்குகிறது. ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, காரணம் ஒன்றுதான்.

தனித்தனியாகப் பார்த்தால் ஹீட் மீட்டரும் டீசல் மீட்டரும் இரண்டு பழுது மாதிரி தெரியும். சேர்த்துப் பார்த்தால் இரண்டும் குறைந்த ஓம்ஸ் பக்கம்தான் ஓடுகின்றன, அப்படி ஓடினால் மீட்டர் போர்டின் எர்த்தைச் சந்தேகப்பட வேண்டும். இதற்கு நேர் எதிராக, லைட் போட்டதும் ஹீட் முள் குறைந்து டீசல் முள் கூடினால் கோளாறு சென்சார்களின் எர்த் பக்கம், அதாவது எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகிற எர்த் ஸ்ட்ராப் பக்கம் இருக்கலாம். டீசல் முள் மட்டும் எப்போதும் ஃபுல்லைத் தாண்டி நின்றால் டேங்க் யூனிட் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது யூனிட்டுக்கு எர்த் இல்லை. டேங்கை பட்டை போட்டுக் கட்டும்போது நடுவில் ரப்பர் வைப்பதால் டேங்க் தானாக சேஸிஸோடு எர்த் ஆகிவிடும் என்று நம்ப முடியாது, அதற்கென்று தனி ஒயர் இருக்க வேண்டும், அது துருவில் போயிருக்கும்.

அளந்தது

ஓம் மீட்டர் வைத்து எர்த் பார்த்தால் இந்தப் பழுது சிக்காது. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளைச் சேர்த்துப் பிடித்தாலே அது 0.2, 0.3 ஓம்ஸ் காட்டும், நாம் தேடுகிற பழுதும் அரை ஓம்ஸுக்குள்தான் இருக்கும். அதோடு ஓம்ஸ் அளக்கும்போது மல்டிமீட்டர் அனுப்புகிற கரண்ட் மிகச் சின்னது, பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருக்கிற ஒயர்கூட அந்தக் கரண்ட்டுக்கு நல்ல ஒயர்தான். பீப் சத்தம் வந்தது, எர்த் நல்லாயிருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுகிற இடம் இதுதான். எர்த்தை லோடு ஓடும்போது வோல்ட் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

எஞ்சின் ஆஃப், சாவி ஆன், ஹெட்லைட் ஆன். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நீளமான ஒயர் போட்டு பேட்டரியின் மைனஸிலேயே பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையை மட்டும் ஒவ்வொரு இடமாக நகர்த்தினோம். மீட்டரின் பின்னால் எர்த் முனையில் 2.8 வோல்ட். அங்கிருந்து வருகிற கறுப்பு ஒயர், வைப்பர், ஹார்ன், முன்பக்க லைட்டுகளின் எர்த் ஒயர்களோடு சேர்ந்து கேபினின் முன்பக்கக் கௌல் தகட்டில் ஒரே போல்ட்டில் முடிகிறது, ஒயர் நுனியில் அழுத்தியிருக்கிற அந்தத் திம்பிளில் 2.7. போல்ட்டுக்கு இரண்டு விரல் தள்ளி தகட்டைச் சுரண்டிப் பார்த்தால் 0.15. சேஸிஸில் 0.05. எஞ்சின் பிளாக்கிலும் கிட்டத்தட்ட அதே. ஆக இரண்டரை வோல்ட் தொலைந்தது முழுக்க திம்பிளுக்கும் தகட்டுக்கும் நடுவில், ஒரு நட்டின் கனத்துக்குள். நல்ல எர்த்தில் இந்த மொத்தத் தூரத்துக்கும் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் விழக்கூடாது.

கணக்கும் ஒத்துவந்தது. இரண்டு ஹெட்லைட் தலா 70 வாட், 24 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர், பார்க்கிங் லைட்டும் மீட்டர் லைட்டும் சேர்த்தால் 7. ஏழு ஆம்பியர் ஓடும்போது இரண்டரை வோல்ட் விழுகிறது என்றால் அந்த இடத்தில் 0.4 ஓம்ஸுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, கிட்டத்தட்ட 18 வாட் சூடாகிப் போகிறது. போல்ட்டைத் தொட்டால் சுட்டது, திம்பிளின் கழுத்தில் ஸ்லீவ் கருகிச் சுருங்கியிருந்தது. ஹெட்லைட் மஞ்சளாக எரிந்ததற்கும் இதே காரணம்தான். பகலில் அந்த ஒயரில் ஒரு ஆம்பியர்கூட ஓடாது, அரை வோல்ட்டுக்குள்தான் ஏறும், முள் அசைவது கண்ணுக்கே தெரியாது.

போல்ட்டைக் கழற்றும் முன் இன்னொன்று செய்தோம், இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேட்டரி மைனஸிலிருந்து நேராக ஒரு தனி ஒயரை இழுத்து மீட்டரின் எர்த் முனையில் தொட்டோம். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹீட் முள் இறங்கி, டீசல் முள் ஏறி, இரண்டும் பகலில் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டன. எடுத்தால் பழையபடி. டிரைவர் அண்ணனையே ஒயரைத் தொட்டு எடுக்கச் சொன்னோம், அவரே பார்த்துவிட்டதால் அதற்கப்புறம் ரேடியேட்டர் பேச்சு வரவில்லை. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு சரியானால் எது சரியாக்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம், தற்காலிக ஒயர் வைத்துப் பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை.

எர்த் எப்படிக் கெட்டது

நட்டைக் கழற்றியதும் தெரிந்தது. திம்பிளுக்கு அடியில் புதுப் பெயிண்ட், நல்ல கனமாக. 8 வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) எடுக்க வேண்டும், எஃப்.சி.க்குப் போகும் முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அந்தச் சமயத்தில் கௌல் பக்கம் துரு சுரண்டுவதற்காக இந்த நட்டைக் கழற்றியிருக்கிறார்கள், பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், காய்ந்த பிறகு அதன் மேலேயே திம்பிளை வைத்து முறுக்கிவிட்டார்கள். கரண்ட் போவதற்கு போல்ட்டின் மரை மட்டும்தான் மிச்சம், அதிலும் பாதி பெயிண்ட். ஓனரிடம் கேட்டபோது இந்த ஹீட் பிரச்சினை எஃப்.சி. முடிந்து வந்த பிறகுதான் ஆரம்பித்தது என்றார். இதற்கு முன் யாரும் அவரிடம் "எப்போதிலிருந்து" என்று கேட்கவில்லை.

கம்பெனியிலேயே கட்டி வருகிற இரும்பு கேபினில் ஒரு எர்த் போனாலும் வேறு எங்காவது தகடு வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பிவிடும். இந்த மாதிரி மரச்சட்டம், பிளைவுட் வைத்துக் கட்டிய கேபினில் அந்த வாய்ப்பு கிடையாது, மீட்டர் போர்டு மரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் உயிர் ஒரு கறுப்பு ஒயரில் இருக்கிறது. அந்த ஒயரோடு ஹெட்லைட் எர்த்தையும் வைப்பர் எர்த்தையும் சேர்த்து ஒரே போல்ட்டில் போடுவது பாடி கட்டும்போதே நடக்கிற வேலை, அங்கே ஒயரிங் செய்பவருக்கு அது சுலபம், பின்னால் பத்துப் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டுகிறவருக்குக் கஷ்டம்.

செய்த வேலை இது. தகட்டை எமரி பேப்பர் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, கருகிய திம்பிள்களை வெட்டி எறிந்து, ஒயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை பின்னால் வெட்டிப் புதுத் திம்பிள் அழுத்தி, பல் வாஷர் வைத்து முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவியாயிற்று. முறுக்குவதற்கு முன்னால் பெயிண்ட்டோ, முறுக்கியபின் ஒன்றுமே தடவாமல் விடுவதோ இரண்டுமே தப்பு, அடுத்த மழைக்காலத்தில் திரும்பவும் பச்சை பிடிக்கும். மீட்டர் போர்டுக்கு மட்டும் தனியாக 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஒன்றை நேராகச் சேஸிஸுக்கு இழுத்து, ஹெட்லைட் கரண்ட் அந்த ஒயரில் வராதபடி பிரித்துவிட்டோம். மறுபடி அளந்தபோது ஹெட்லைட் ஆனில் மீட்டர் எர்த்தில் 0.06 வோல்ட். முள் அசையவில்லை. ஹெட்லைட் வெள்ளையாக எரிந்தது.

சரியான பிறகு வந்த தப்பு

இங்கேயே வண்டியை அனுப்பியிருக்கலாம், புகார் தீர்ந்துவிட்டது. ஆனால் ஹீட் மீட்டர் புகார் வந்த வண்டியை, முள் காட்டுவதும் தண்ணீரின் உண்மையான சூடும் ஒன்றா என்று பார்க்காமல் அனுப்புவது சரியில்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினோம். பளபளக்கிற அலுமினியத்தில் நேராகக் காட்டினால் அது குறைத்துக் காட்டும், அதனால்தான் டேப். தெர்மாமீட்டர் 88 சொன்னது. மீட்டர் முள் 70 பக்கத்தில் நின்றது.

அதாவது ராத்திரியில் அதிகமாகக் காட்டிய மீட்டர், பகலில் இத்தனை நாளாகக் குறைவாகக் காட்டியிருக்கிறது. ராத்திரி சிவப்புக்குப் போவது பயமுறுத்தியது, அதனால் எல்லோரும் பார்த்தார்கள். பகலில் 18 டிகிரி குறைத்துக் காட்டியது யார் கண்ணிலும் படவில்லை, என் கணக்கில் இதுதான் ஆபத்து, தண்ணீர் கொதிக்கும்போது இந்த முள் இன்னும் பச்சையில் இருந்திருக்கும், ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் தெரிந்திருக்கும்.

ஒயரைக் கழற்றி சென்சாரின் தலைக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் அளந்தால் 53 ஓம்ஸ். இந்த வகை சென்சாருக்கு 90 டிகிரியில் ஏறத்தாழ 51, 100 டிகிரியில் 38, 60 டிகிரியில் 134 ஓம்ஸ் வரும், அதனால் 88 டிகிரிக்கு இது சரியான அளவு. சென்சார் நல்ல சென்சார். ஆனால் தலைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் அளந்தால் 90-ஐத் தாண்டியது, ஸ்பேனரை வைத்து லேசாக அசைத்தால் எண் ஆடியது. சென்சாரின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவிலேயே 40 ஓம்ஸ் உட்கார்ந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் மரை முழுக்க டெஃப்லான் டேப், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவது போல கனமாக. புதுச் சென்சார் போட்டவர் ஒழுகக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் சுற்றியிருக்கிறார். ஆனால் ஒற்றை ஒயர் சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். ஒரு சுற்று டேப் என்றால் மரை கிழித்துக்கொண்டு இரும்பைத் தொட்டுவிடும், இத்தனை கனத்துக்குத் தொடாது, தொட்டாலும் எஞ்சின் ஆட்டத்துக்கு விட்டுவிட்டுத் தொடும். டேப்பை எடுத்துவிட்டு, மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, செம்பு வாஷர் போட்டு முறுக்கினோம். முள் 90-க்குப் பக்கத்தில் வந்து நின்றது, ஒழுகவும் இல்லை.

சென்சார் மேல் சந்தேகம் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, தெர்மாமீட்டரையும் சென்சாரையும் ஒன்றாகப் போட்டு, ஆற ஆற ஓம்ஸ் எழுதிக்கொண்டே வரலாம். மீட்டர் மேல் சந்தேகம் இருந்தால் சென்சார் ஒயரில் சென்சாருக்குப் பதில் தெரிந்த ரெசிஸ்டர் போட்டு எர்த் செய்து பாருங்கள், 10, 47, 100, 180 என்று நாலு ரெசிஸ்டர், 5 வாட்டில், டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்க்கிற பழைய முறை, முள் ஓடுகிறதா என்று மட்டும் சொல்லும், சரியான இடத்தில் நிற்கிறதா என்று சொல்லாது. அதுவும் உள்ளே சூடேறும் பட்டை வைத்த பழைய வகை மீட்டரில் அப்படி அதிக நேரம் பிடித்தால் மீட்டரே கருகிவிடும்.

சார்ஜிங் லைட், ஆயில் லைட்

எஃப்.சி. சமயத்திலேயே மீட்டர் போர்டு பல்புகள் எல்லாவற்றையும் எல்.இ.டி.யாக மாற்றியிருந்தார்கள். நிறைய பேர் செய்கிறார்கள், வெளிச்சம் நன்றாக வரும், மீட்டர் வெளிச்சத்துக்கு அதில் தப்பில்லை. சார்ஜிங் லைட்டுக்கு மட்டும் போடக்கூடாது. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற பழைய ஆல்டர்னேட்டரில் சார்ஜிங் லைட் வெறும் தகவல் சொல்கிற லைட் இல்லை, அந்த பல்பு வழியாகப் போகிற கரண்ட்தான் ரோட்டர் காயிலுக்கு முதல் காந்தத்தைக் கொடுத்து ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. 24 வோல்ட் 3 வாட் பல்பு என்றால் சுமார் 125 மில்லி ஆம்பியர் போகும். எல்.இ.டி.யில் 10, 20 மில்லி ஆம்பியர்தான், அது போதாது, அதனால் ஆல்டர்னேட்டர் ஐடிலில் தூங்கும், ரேஸ் கொடுத்தால் தன்னிடம் மிச்சமிருக்கிற காந்தத்தில் ஒருவழியாக எழுந்துகொள்ளும். பழைய பல்பை மாட்டினோம், ஸ்டார்ட் ஆனதுமே லைட் அணைந்தது, பேட்டரியில் 28 வோல்ட். இந்தப் பழுதுக்கு ஆல்டர்னேட்டரைக் கழற்றி பிரஷ், ரெகுலேட்டர் மாற்றிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இதே காரணத்தால் சார்ஜிங் பல்பு ஃபியூஸ் போனாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம், சாவி போட்டால் அந்த லைட் எரிகிறதா என்று பார்ப்பதிலிருந்துதான் சார்ஜிங் புகாரையே ஆரம்பிக்க வேண்டும்.

ஆயில் லைட்டைப் பற்றி எழுதும்போது கோபம் வருகிறது. ஹோல்டரில் பல்பே இல்லை, யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள். பல்பு போட்டு ஸ்டார்ட் செய்ததும் காரணம் தெரிந்தது, சூடான எஞ்சின் ஐடிலில் ஆயில் லைட் எரிந்தது. டிரைவர் கேட்டிருப்பார், ஒருவர் பல்பைக் கழற்றி வாயை அடைத்திருக்கிறார். எஞ்சின் ஆயில் பிரஷர் உண்மையிலேயே போயிருந்தால் பேரிங் பிடித்து எஞ்சின் போகும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. பழுது பார்க்கத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம், எச்சரிக்கை லைட்டைக் கழற்றுவது செய்யவே கூடாத வேலை.

ஆயில் லைட் எரிந்தால் எஞ்சினை உடனே அமத்த வேண்டும், அளவைப் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் கரண்ட் பக்கம். இந்த வண்டியில் அளவு சரியாக இருந்தது. பிரஷர் சுவிட்சில் இருக்கிற ஒயரைக் கழற்றினோம், லைட் அணைந்தது, ஆகவே நடுவில் ஒயர் எங்கேயும் உராய்ந்து எர்த் ஆகவில்லை. சுவிட்ச் இருந்த இடத்தில் பைப் வைத்த பிரஷர் கேஜை மாட்டி ஓட்டினோம். சூட்டில், ஐடிலில் ஒன்றரை பார் நின்றது, ரேஸ் கொடுத்தால் நன்றாக ஏறியது. இந்த சுவிட்ச் அரை பார் பக்கத்தில் பிரஷர் விழுந்தால்தான் எரிய வேண்டும். அதனால் எஞ்சின் நல்ல எஞ்சின், சுவிட்ச்தான் போயிருக்கிறது, மாற்றியாயிற்று. கேஜ் வைத்துப் பார்க்காமல் சுவிட்சை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புகிற வழக்கமும் உண்டு, அது பல்பைக் கழற்றுவதற்கு ஒரு படி மேல், அவ்வளவுதான்.

பிரேக்கின் காற்றழுத்தம் காட்டுகிற ஏர் மீட்டர் இரண்டு முள்ளும் சரி. அது பைப் வழியாகக் காற்றிலேயே வேலை செய்கிறது, எர்த்தோடு சம்பந்தமில்லை. ஏர் குறைந்தால் கத்துகிற பஸ்ஸரின் சுவிட்ச் மட்டும் பார்த்தோம், ஏர் ஏறி சுமார் 5 பார் தாண்டியதும் நின்றது, பிரேக் மிதித்து மிதித்து ஏரை இறக்கினால் திரும்பக் கத்தியது.

வேறு வகை மீட்டர் வைத்த வண்டிகளுக்கு

மேலே சொன்ன திசைக் கணக்கு மூன்று முனைக் காயில் மீட்டருக்கு. இன்னும் பழைய வண்டிகளில் இரண்டு முனை மட்டும் உள்ள, உள்ளே பட்டை சூடேறி வளைகிற மீட்டர் இருக்கும். சாவி போட்டால் முள் மெதுவாக நகர்ந்து வருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அவற்றுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும், 12 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 10 வோல்ட்டை விட்டுவிட்டுக் கொடுக்கும். அந்த ஸ்டெபிலைசருக்கு எர்த் போனால் அது விடாமல் பேட்டரி வோல்ட்டை அப்படியே அனுப்பும், எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் மேலே போகும். ஹீட்டும் டீசலும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர், மூன்று முனை மீட்டரில் ஹீட் ஏறி டீசல் இறங்கினால் மீட்டர் போர்டு எர்த், இதை மனதில் வைத்தால் பாதி வேலை டிரைவரோடு பேசும்போதே முடிந்துவிடும்.

டேங்க் யூனிட் வாங்கும்போது ஓம்ஸ் கேட்டு வாங்குங்கள். கடையில் எல்லா வண்டிக்கும் சேரும் என்று கொடுப்பது எல்லா மீட்டருக்கும் சேராது. நான் மேலே சொன்னது 10 காலி, 180 ஃபுல். அமெரிக்க வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் பழைய லாரிகளுக்கு 0 காலி, 90 ஃபுல், பழைய ஃபோர்டில் அது தலைகீழ், 73 காலி, 10 ஃபுல். தலைகீழ் யூனிட்டை மாட்டினால் டேங்க் நிரம்ப நிரம்ப முள் இறங்கும், அப்புறம் மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த லாரியில் ஒரு வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது. பாட்டு செட்டுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருக்கிறார்கள். அந்த பேட்டரி எப்போதும் அரைகுறையாகவும் மற்றது அளவுக்கு மேலும் சார்ஜ் ஆகி இரண்டும் சீக்கிரம் போகும். 24-லிருந்து 12 ஆக்குகிற கன்வெர்ட்டர் போடச் சொல்லியிருக்கிறோம், ஓனர் அடுத்த லோடு முடிந்து வரும்போது போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த எஃப்.சி. பெயிண்ட்டுக்கு முன்னால் கௌல் எர்த் போல்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லி டிரைவரிடம் போல்ட்டையே காட்டி அனுப்பினோம்.